வெட்டிய செடி மறுபடி துளிர்ப்பதை ஆங்கிலப் பேச்சில் ‘ரீஜெனரேட்’ என்று சொல்லலாமா?

சொன்னால் புரியும். ஆனால் வனத்துறை அறிக்கையை வாசிப்பது போல இருக்கும். தீயில் எரிந்த காடு தானாக மீள்வதற்கு அந்தச் சொல் சரி. உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக்கு ‘க்ரோ பேக்’ போதும்.

காலத்துக்கேற்ப ‘க்ரோ’ மட்டும்தான் மாறும்: ‘இட் க்ரூ பேக்’, ‘இட் ஹேஸ் க்ரோன் பேக்’, ‘இட் வில் க்ரோ பேக்’. இங்கே ‘பேக்’ என்றால் பின்பக்கம் இல்லை, இழந்தது திரும்ப வருவது. அதனால்தான் ‘ரீக்ரோ பேக்’ தவறு. ‘ரீ’ செய்த வேலையையே ‘பேக்’கும் செய்கிறது. ‘க்ரோ பேக் அகெய்ன்’ என்பதைப் பிழை என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். இரண்டாம் முறை வெட்டி, இரண்டாம் முறையும் வளர்ந்தால் ‘அகெய்ன்’ பொருந்தும். முதல் தடவைக்கு அது வெறும் மிகை.

எதுவும் போகாமல் ‘க்ரோ பேக்’ வராது. வெட்டாத ரோஜா புதுத்தளிர் விட்டால் ‘இட் இஸ் புட்டிங் அவுட் நியூ லீவ்ஸ்’. குளிர்காலத்தில் மேலே பட்டுப்போய், வசந்தத்தில் வேரிலிருந்து கிளம்பும் செடிக்கு ‘கம் பேக்’. போன வருடம் உதிர்ந்த விதையிலிருந்து தக்காளி முளைத்தால் அது வேறு செடி. அங்கே ‘செல்ஃப் சீட்’ என்பார்கள். அப்படித் தானாக முளைத்த செடிக்கு அமெரிக்கத் தோட்டக்காரர்கள் வைத்த பெயர் ‘வாலண்டியர்’. நாம் துளிர்த்தது, முளைத்தது என்று பிரித்துச் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே கணக்கு.

செடியை வளர வைப்பது நீங்கள் என்றால் ‘ரீக்ரோ’. வெங்காயத்தாளை வேர்ப்பக்கம் ஓர் அங்குலம் விட்டு நறுக்கி, வேர் மட்டும் நனையும்படி தண்ணீரில் வைக்கிறீர்கள்: ‘யூ கேன் ரீக்ரோ ஸ்ப்ரிங் ஆனியன்ஸ்’. செடியே எழுவாயாக வந்தாலும் ‘ரீக்ரோ’ தவறில்லை, பேச்சில் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும், அவ்வளவுதான்.

கரும்பை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து மறுபடி வளர்வதற்கு, அதாவது மறுதாம்புக்கு, தனி வினையே உண்டு: ‘ரட்டூன்’. துளிர் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. விவசாயம் தெரியாத ஆங்கிலேயரிடம் சொன்னால் விழிப்பார்.

இந்தக் குழப்பத்துக்கு முக்கியக் காரணம் கைடு புத்தகங்கள். ‘ரீஜெனரேட் – மீளுருவாக்கு’ என்று ஒற்றை வரி போட்டுவிட்டு, எந்த இடத்தில் யார் பேசும் சொல் என்பதை விட்டுவிடுகிறார்கள். ‘க்ரோ பேக்’ அந்தப் பட்டியலில் இருக்கவே இருக்காது. இரண்டுமே சின்னச் சொற்கள், மதிப்பெண் வராதாம்.