வீட்டில் சேர்வர், வெளியில் வாசல்: கேள்வி பதில்

நான் இருப்பது வெள்ளவத்தையில். அலுமாரிக்கு மேல் ஒரு பழைய லப்டொப் இரவு பகலாக ஓடுகிறது. கேட்கிறவர்களுக்கு இணையம் வழியாகக் கோப்புகளைக் கொடுக்கிற என் வீட்டு சேர்வர் அதுதான். குடும்பப் படங்களும், அப்பாவின் கசெட்டுகளில் இருந்து மாற்றிய பாட்டுகளும் அதில்தான். ரொறொன்ரோவில் இருந்து அக்கா அதைத் திறந்து பார்க்கிறா. இப்படி வீட்டில் சேர்வர் வைத்திருக்கிறவர்களிடம் இருந்து இந்தக் கிழமை வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கொட்டாஞ்சேனையில் இருந்து: அண்ணா, ரவுட்டரில 80, 443 ரெண்டு போர்ட்டையும் என்ட ராஸ்பெரி பை எண்ட குட்டிக் கணினிக்குத் திருப்பி விட்டிருக்கிறன். வீட்டு வைஃபைல போன்ல திறக்குது. யாழ்ப்பாணத்தில இருக்கிற மச்சானுக்குத் திறக்குதில்லை. மூண்டு நாளா மண்டை காயுது.

தம்பி, போர்ட்டை இனித் தொட வேண்டாம். (போர்ட் என்பது இலக்கமிட்ட ஒரு வாசல், 80உம் 443உம் இணையத்தளங்களுக்கானவை.) முதலில் ஓர் இலக்கத்தைப் பாரும். ரவுட்டருக்குள் போய், வெளி இணைப்பைக் குறிக்கிற ‘டபிள்யு ஏ என்’ என்று போட்ட இடத்தில் என்ன ஐபி (இணைய முகவரி) இருக்கிறது என்று எழுதி வையும். பிறகு கூகுளில் ‘என் ஐபி என்ன’ என்று தேடி, வருகிற இலக்கத்தையும் பக்கத்தில் எழுதும். இரண்டும் ஒன்றென்றால் அந்த முகவரி உமக்கே உரியது. கோளாறு ரவுட்டரிலோ பையிலோதான். இணைப்புத் தருகிற சில நிறுவனங்கள் 80ஐ மறித்து வைப்பதும் உண்டு.

ரவுட்டரில் உள்ளது 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் நீர் சிஜிநாட்டுக்குள், அதாவது பல வீடுகள் ஒரே வெளிமுகவரியைப் பங்கிடுகிற ஏற்பாட்டுக்குள் இருக்கிறீர். பழைய ஐபி முறையில் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான். ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் இணைப்புத் தருகிற நிறுவனங்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைக்கின்றன. அதற்கென்றே அந்த 100.64 தொகுதியை 2012 இல் ஒதுக்கினார்கள்.

எங்கள் பக்கத்துத் தொடர்மாடிகளை நினைத்துப் பாரும். வீட்டு இலக்கம் இல்லாமல் ஒரு பார்சல் வந்தால் கீழே நிற்கிற செக்கியூரிட்டி அதை யாரிடம் கொடுப்பார்? நீர் உமது கதவில் ‘பார்சலை உள்ளே வைக்கவும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறீர். அது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் செக்கியூரிட்டிக்கு, அதாவது நிறுவனத்தின் சிஜிநாட்டுக்கு, அது தெரியாதே. நானும் இதை அறியாமல் இரண்டு கிழமை ரவுட்டரை ரீசெட் பண்ணிப் பண்ணியே கழித்தேன். நீங்கள் யாரும் அப்படி அலையக்கூடாது என்றுதான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ரவுட்டரில் உள்ள அந்த இலக்கம் 192.168 என்று தொடங்கினால் அது வேறு கதை. ஃபைபர் பெட்டியும் ஒரு ரவுட்டர், நீர் வாங்கிப் பூட்டியதும் ஒரு ரவுட்டர். இரண்டிலும் போர்ட்டைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் பெட்டியை, ரவுட்டர் வேலை பார்க்காமல் இணைப்பை மட்டும் கடத்துகிற பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும்.

தெஹிவளையில் இருந்து: எங்கட லைனுக்குச் சொந்த ஐபி இருக்கு. கனடாவில சித்திக்குத் திறக்குது. எங்கட வீட்டுக்குள்ள மட்டும் அதே பெயரைப் போட்டால் திறக்குதில்லை. ஏன்?

உங்கள் சேர்வரில் பிழை இல்லை. வெளிமுகவரியைத் தேடி உள்ளிருந்து போகிற கோரிக்கையைத் திரும்ப உள்ளே அனுப்ப உங்கள் ரவுட்டருக்குத் தெரியவில்லை. ரவுட்டரில் நாட் லூப்பேக் என்று இருந்தால் அதை ஓன் பண்ணுங்கோ. இல்லையென்றால், பெயரை முகவரியாக மாற்றிக் கொடுக்கிற வீட்டு டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு உள்முகவரியைக் கொடுங்கோ. வெளியில் இருந்து திறக்கிறதா என்று சேர்வரைச் சோதிக்கும்போது போனில் வைஃபையை நிற்பாட்டி, சிம் டேட்டாவில்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளவத்தையில் இருந்து ஓர் அக்கா: ஐபி அடிக்கடி மாறுது. டைனமிக் டிஎன்எஸ் போட்டால் சரியாகுமா தம்பி?

சொந்த ஐபி என்றால் சரியாகும் அக்கா. ஐபி மாறும்போதெல்லாம் டைனமிக் டிஎன்எஸ் பெயரைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும். டக் டிஎன்எஸ் போன்ற இலவச சேவையே போதும். சிஜிநாட்டுக்குள் இருந்தால் பிரயோசனம் இல்லை, பெயர் போய் நிற்பது செக்கியூரிட்டியின் மேசையில்தான். அதோடு, சேர்வருக்கு வீட்டுக்குள் மாறாத ஐபி ஒன்றை ரவுட்டரிலேயே ஒதுக்கி விடுங்கோ. கரண்ட் போய் வந்த பிறகு சேர்வர் காணாமல் போவது அனேகமாக இதனால்தான்.

மட்டக்குளியில் இருந்து: வேலையிடத்தில இருந்தே சேர்வரை இயக்க எஸ்எஸ்எச்சால நுழையவேணும் எண்டு அதுக்குரிய 22ஆம் போர்ட்டைத் திறந்து வைச்சிருக்கிறன். பாஸ்வேர்ட் நல்ல நீளம். பயமில்லைத்தானே?

தயவுசெய்து இன்றிரவே மூடுங்கோ. மூட முதல், யார் யார் நுழையப் பார்த்தார்கள் என்று பதிகிற லொக் கோப்பைத் திறந்து ஒருதரம் பாருங்கோ. நான் பரீட்சித்துப் பார்க்கத் திறந்து வைத்த நாளில், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து இருக்கும் முன்னமே வரிசை தொடங்கிவிட்டது. ‘ரூட்’, ‘அட்மின்’, ‘பை’, ‘டெஸ்ட்’ என்று ஒவ்வொரு பெயராகப் போட்டு, சில செக்கனுக்கு ஒருதரம், எங்கெங்கோ இருந்து கதவைத் தட்டுகிறார்கள். உங்களைத் தெரிந்து வருகிறவர்கள் இல்லை அவர்கள், எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கிற இயந்திரங்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, வேகமான ஒரே இணைப்பில் முழுப் பழைய ஐபி வெளியையும் முக்கால் மணித்தியாலத்துக்குள் தட்டி முடித்தது. ‘என்னை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்’ என்ற நினைப்பு இனி வேண்டாம்.

வயர்கார்ட் போடுங்கோ, வெளியில் இருந்து வீட்டுக்குப் பூட்டிய சுரங்கப்பாதை ஒன்றைப் போடுகிற மென்பொருள் அது. சரியான சாவி இல்லாமல் வருகிறவனுக்கு அது பதிலே சொல்லாது, அங்கே ஒரு கதவு இருப்பதுகூட அவனுக்குத் தெரியாது. அதற்குள்ளால் போய் எஸ்எஸ்எச் பாவியுங்கோ. எஸ்எஸ்எச்சிலும் சாவியால் மட்டும் நுழைகிற மாதிரி வைத்து, பாஸ்வேர்ட்டை நிற்பாட்டி விடுங்கோ. ரவுட்டரின் டிஎம்இசட்டில் (எல்லாப் போர்ட்டையும் ஒரே கணினிக்குத் திறந்துவிடுகிற ஏற்பாடு) சேர்வரைப் போட்டிருந்தால் அதையும் எடுங்கோ. வீட்டுக் கதவுகள் எல்லாவற்றையும் கழற்றி வைத்ததற்குச் சமம் அது.

பம்பலப்பிட்டியில் இருந்து ஒரு மாணவி: எங்கட லைன் சிஜிநாட் எண்டு கண்டுபிடிச்சிட்டன் அண்ணா. நிரந்தர ஐபிக்கு மாசாமாசம் காசு கட்ட ஏலாது. வேற வழி?

இருக்கிறது தங்கச்சி. வெளியில் இருந்து உள்ளே வரத்தான் தடை. உள்ளிருந்து வெளியே போகத் தடையில்லை. சேர்வரே வெளியே ஓர் இணைப்பை எடுத்து, அதைத் திறந்தபடி வைத்திருந்தால், வருகிறவர்கள் அதற்குள்ளால் வரலாம். கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டனல் இப்படித்தான் வேலை செய்கிறது. அதற்குக் காசில்லை, ரவுட்டரில் ஒரு போர்ட்டும் திறக்கத் தேவையில்லை. உங்கள் பெயரில் ஒரு டொமைன் (இணையப் பெயர்) மட்டும் வேண்டும். ஒன்றை அறிந்து பாவியுங்கோ: வழியில் யாரும் பார்க்காமல் தரவுக்குப் போடுகிற பூட்டு அவர்களிடத்தில் ஒருதரம் திறந்துதான் உங்களிடம் வரும். படிப்புக்கான தளத்துக்கு அது பரவாயில்லை. வீட்டுப் படங்களை நான் அதில் விடவில்லை. சிங்கப்பூரில் சின்ன விபிஎஸ் (வாடகை சேர்வர்) ஒன்று எடுத்து, வீட்டில் இருந்து அதற்கு வயர்கார்ட் போட்டிருக்கிறேன். பூட்டு திறப்பது என் அலுமாரிக்கு மேல் மட்டும்தான்.

கொள்ளுப்பிட்டியில் இருந்து: டொட் இலங்கை எண்டு தமிழிலேயே டொமைன் வைக்கலாமோ? பூட்டு (எச்டிடிபிஎஸ்) அதுக்கும் வருமோ?

வைக்கலாம், வரும். சேர்வரில் எழுதும்போது மட்டும் அந்தப் பெயரின் ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஆங்கில வடிவத்தைப் போட வேண்டும். அந்தப் பூட்டுக்குத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு காசில்லாமல் தருகிறது. வழக்கமான சான்றிதழ் 90 நாள்தான் என்பதால், தானாகப் புதுப்பிக்கிறதா என்று முதல் மாதமே சோதியுங்கோ. சான்றிதழ் எடுத்ததும் அந்தப் பெயர் எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் ஏறிவிடும். ஆகவே தளத்துக்குப் பாஸ்வேர்ட் போட்டுவிட்டுப் பிறகு சான்றிதழ் எடுங்கோ.

மீண்டும் கொட்டாஞ்சேனை: பார்த்தன் அண்ணா. 100.71 எண்டு தொடங்குது.

அப்போ விடை கிடைத்துவிட்டது தம்பி. ரவுட்டரில் போட்ட அந்த இரண்டு வரியையும் முதலில் அழியும். பிறகு மேலே தங்கச்சிக்குச் சொன்ன டனலைப் போட்டு, மச்சானைத் திறந்து பார்க்கச் சொல்லும். திறந்ததா என்று எனக்கும் ஒரு வரி எழுதும்.