சூடானதும் நின்றுவிடும் மொறிஸ் மைனர்: எதை வாங்குவது?

கேள்வி: என்னிடம் 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 கார் இருக்கிறது. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும் வண்டி, காலி வீதி நெரிசலில் அரை மணி நேரம் போனதும் திக்கித் திணறி நின்றுவிடுகிறது. ஆறிய பின் மீண்டும் ஓடுகிறது. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் புதிய இக்னிஷன் கொய்ல் வாங்கிப் போட்டும் குணமில்லை. இலக்ட்ரோனிக் இக்னிஷன் (மின்னணுப் பொறி அமைப்பு) பூட்டும்படி மெக்கானிக் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். சூட்டில் நின்று, ஆறியதும் ஓடுகிற வண்டியில் கொய்ல் (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்குவது), கண்டென்சர் (பொயின்ட்ஸில் பொறி பறக்காமல் காப்பது), ரோட்டர் (டிஸ்ரிபியூட்டருக்குள் சுழன்று மின்னைப் பிளக்குகளுக்குப் பகிர்வது) ஆகிய மூன்றில் எதுவும் பழுதாயிருக்கலாம். பெற்றோல் வராமலும் இருக்கலாம். வண்டி நின்ற இடத்திலேயே சோதித்துப் பாருங்கள். கராஜுக்கு இழுத்துச் செல்வதற்குள் எஞ்சின் ஆறிவிடுவதால் அங்கே எல்லாம் சரியாகவே தெரியும்.

கொய்லிலிருந்து வரும் தடித்த வயரை டிஸ்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து கழற்றி, ரப்பர் பிடியுள்ள குறட்டால் பிடித்து, அதன் நுனியை எஞ்சினின் வெறும் இரும்புக்கு ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் தூரத்தில் வைத்துக்கொண்டு, ஒருவரை ஸ்டார்ட்டரை இழுக்கச் சொல்லுங்கள். பெற்றோல் கசிவு இருந்தால் இதைச் செய்யவே கூடாது. கார்பரேட்டருக்கு அருகிலும் வேண்டாம். நீல நிறத்தில் சடசடவென்று பொறி பாய்ந்தால் கொய்லும் கண்டென்சரும் நன்றாக இருக்கின்றன என்று கொண்டு, ரோட்டரையும் மூடியையும் பெற்றோல் பம்பையும் பாருங்கள். மஞ்சளாக மெலிந்த பொறி வந்தாலோ, பொறியே வராவிட்டாலோ, குறை கொய்ல், கண்டென்சர் பக்கத்தில்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் எழுந்தது அந்தப் புதிய கொய்லின் மீதுதான். இந்த வண்டிக்குத் தேவை பலாஸ்ட் (கொய்லுக்கு முன்னே தனியாகச் சேர்க்கும் மின்தடை) இல்லாத, முதன்மைச் சுற்றில் ஏறக்குறைய 3 ஓம் தடை காட்டும் 12 வோல்ட் கொய்ல். பலாஸ்டுடன் ஓட வேண்டிய 1.5 ஓம் கொய்லும் பார்வைக்கு அப்படியே இருக்கும். அதைப் பூட்டினால் மின்னோட்டம் இரட்டிப்பாகி, கொய்ல் கொதிப்பதுடன் பொயின்ட்ஸும் (டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனைகள்) கருகும். மைனரில் கொய்ல் டைனமோவின் மேலேயே அமர்ந்திருப்பதால் அந்தச் சூடும் சேர்ந்துகொள்ளும். கொய்லின் + − முனைகளிலுள்ள இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, அம்முனைகளுக்கிடையே மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள். உங்கள் வண்டி இன்னமும் பொசிட்டிவ் ஏர்த் ஆக (பற்றரியின் + முனை வண்டியின் உடலோடு இணைந்ததாக) இருந்தால், கொய்லின் + முனை டிஸ்ரிபியூட்டருக்கும் − முனை சுவிட்சுக்கும் போக வேண்டும். மாறியிருந்தால் பொறி பலவீனப்படும்.

கொய்ல் சரியாக இருந்தால் அடுத்தது கண்டென்சர். விலை குறைந்த இந்தச் சிறிய உருளை பழுதானால், பொயின்ட்ஸ் திறக்கும்போது அவற்றின் இடையே பெரிய பொறி பறக்கும். ஒரு பக்கம் குழி விழுந்து, மறுபக்கம் முளை கட்டியிருக்கும். பொயின்ட்ஸையும் சேர்த்து மாற்றி, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீற்றருக்குள் வையுங்கள். பழைய கண்டென்சரை எறிந்துவிட வேண்டாம், ஏனெனில் இன்று விற்கப்படும் புதியவற்றில் தரமற்றவையும் கலந்துள்ளன. ரோட்டருக்கும் இது பொருந்தும். நடுவில் ரிவெற் அடித்த மலிவான ரோட்டர்கள் சூட்டில் உள்ளுக்குள்ளேயே மின்னைக் கசியவிடுவதுண்டு.

இலக்ட்ரோனிக் இக்னிஷன் நல்ல பொருள்தான். ஆனால் கொய்லோ ரோட்டரோ கெட்டிருந்தால் அது எதையும் தீர்க்காது. நெகட்டிவ் ஏர்த்துக்கான கிட் ஒன்றைப் பொசிட்டிவ் ஏர்த் வண்டியில் பூட்டினால் உடனே எரிந்தும் போகலாம்.

கொய்ல் 1.5 ஓம் என்று தெரிந்தால், அதைப் பற்றுச்சீட்டுடன் கடைக்குக் கொண்டுசென்று மாற்றித் தரும்படி கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி விற்பவரின் கடமை. உங்கள் வண்டிக்கு உரியது என்று சொல்லி விற்ற பொருளை மாற்ற மறுத்தால், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம்; விவரம் கேட்க 1977 என்ற இலக்கத்தை அழையுங்கள். அடுத்த முறை வாங்கும்போது வண்டியின் பெயரையும் “3 ஓம், பலாஸ்ட் இல்லாதது” என்பதையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.