போலீஸ் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமா? சிட்னி கிரிமினல் வழக்கறிஞரிடம் கேள்வி பதில்

வணக்கம். நான் சிட்னியில் கிரிமினல் வழக்குகள் நடத்துபவன். ஆஸ்திரேலியாவின் சாட்சியச் சட்டம், விசாரணை முறை பற்றிக் கேளுங்கள். நான் சொல்வது பெரும்பாலும் நியூ சவுத் வேல்ஸுக்கு. 1995-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தை ஒட்டிய சட்டங்கள் விக்டோரியா, டாஸ்மேனியா, கான்பெரா, வட பிரதேசம் ஆகியவற்றிலும் உள்ளன. குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா இரண்டும் தனி வழி. இன்னொன்று, இங்கே ஹைகோர்ட்தான் நாட்டின் தலைமை நீதிமன்றம். சுப்ரீம் கோர்ட் என்பது மாநில நீதிமன்றம். ஊரில் இருப்பதற்கு நேர்மாறு.

பெண்டில் ஹில் வாசகர்: சார், போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று ஊரில் சொல்வார்கள். இங்கும் அப்படித்தானே?

இல்லவே இல்லை. நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தியாவின் 1872 சாட்சியச் சட்டத்தில் பிரிவு 25 இருந்தது. போலீஸ் அதிகாரியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதை அவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று அது சொன்னது. 2023-இன் புதிய சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. இலங்கையின் 1895 சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் அதே விதி உண்டு, பயங்கரவாதத் தடைச் சட்டம் அதை உடைத்தது வேறு கதை. அந்த நினைப்பிலேயே இங்கு வந்து, "போலீஸ்கிட்ட சொன்னா என்ன, கோர்ட்ல பாத்துக்கலாம்" என்று பேசிவிடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் போலீஸிடம் சொன்னது நேரடியாகச் சாட்சியம். வன்முறையாலோ மிரட்டலாலோ வாங்கியிருந்தால் இங்குள்ள சாட்சியச் சட்டத்தின் பிரிவு 84-இன்படி தள்ளுபடி ஆகும். சொன்னதன் உண்மைத்தன்மையைக் கெடுக்கும் சூழலில் வாங்கியிருந்தால் பிரிவு 85, நியாயமற்றதாக இருந்தால் பிரிவு 90. இவை எதுவும் இல்லையென்றால் உங்கள் வாயால் சொன்னது வீடியோவாகவே ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) முன் ஓடும்.

வீடியோ வந்ததற்கும் காரணம் உண்டு. சந்தேக நபர் சொல்லாததைச் சொன்னதாக போலீஸே எழுதிக்கொள்ளும் வழக்கம் இங்கே ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 'வெர்பலிங்' என்பார்கள். 1991-இல் மெக்கின்னி வழக்கில் ஹைகோர்ட், பதிவு செய்யப்படாத, மறுக்கப்படும் ஒப்புதலின் ஆபத்தைப் பற்றி ஜூரியை எச்சரிக்க வேண்டும் என்றது. இப்போது கடுமையான குற்றங்களில் விசாரணையின்போது சொன்ன ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால், நியாயமான காரணம் காட்டாத வரை, ஏற்கமாட்டார்கள்.

அதனால் சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் பெயர், முகவரி சொல்லுங்கள். வண்டி ஓட்டினால் லைசென்ஸ் காட்டுங்கள், மூச்சுப் பரிசோதனைக்கு ஊதுங்கள். அதற்கு மேல், "வக்கீலிடம் பேசாமல் பதில் சொல்லமாட்டேன்." அவ்வளவுதான்.

பிளாக்டவுன் வாசகர்: வாயை மூடிக்கொண்டால் குற்றவாளி என்று நினைக்கமாட்டார்களா?

போலீஸ் நினைக்கலாம், கோர்ட் நினைக்கக் கூடாது. பிரிவு 89 அதைத் தடுக்கிறது. சில கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லி மற்றதை விட்டாலும் அதே பாதுகாப்புதான்.

நியூ சவுத் வேல்ஸில் மட்டும் 2013-இல் 89A என்று ஒன்று சேர்த்தார்கள். ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ சிறை கிடைக்கக்கூடிய குற்றங்களில், விசாரணையில் மறைத்த ஒரு விவரத்தைப் பின்னால் உங்கள் தரப்பு வாதமாகக் கொண்டுவந்தால், அதைப் பாதகமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கான சிறப்பு எச்சரிக்கையை உங்கள் வக்கீல் நேரில் இருக்கும்போதுதான் கொடுக்க முடியும். இதனால் பல வக்கீல்கள் ஸ்டேஷனுக்கே போவதில்லை, போனிலேயே ஆலோசனை சொல்கிறார்கள். உரிமையைக் காப்பாற்ற வக்கீல் விலகி நிற்க வேண்டியிருக்கிறது. மோசமான சட்டம் என்பது என் உறுதியான கருத்து.

ஆபர்ன் வாசகர்: கோபத்தில் தள்ளிவிட்டேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் 'சாரி, நான் செய்தது தப்பு' என்று அனுப்பினேன். பிரச்சினையா?

ஆம். சிவில் வழக்கில் மன்னிப்பு கேட்டதைப் பொறுப்பை ஒப்புக்கொண்டதாக எடுப்பதில்லை. கிரிமினலில் அந்தப் பாதுகாப்பு இல்லை. செய்தியை அழிக்காதீர்கள், அது தனிக் குற்றமாகிவிடும். உடனே வக்கீலைப் பாருங்கள்.

வென்ட்வர்த்வில் வாசகர்: மனைவி புகாரை வாபஸ் வாங்கினால் வழக்கு முடிந்துவிடுமா?

முடியாது. வழக்கு அரசுடையது. பொதுவாக வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளை ஆகியோர் சாட்சி சொல்ல மறுப்பு தெரிவிக்கலாம், பிரிவு 18. ஆனால் குடும்ப வன்முறை வழக்கில் இங்கே மனைவியைக் கட்டாயப்படுத்திச் சாட்சி சொல்ல வைக்க முடியும். அவர் போலீஸிடம் அன்றே கொடுத்த வீடியோவும் சாட்சியமாகும்.

டூங்காபி வாசகர்: அண்ணா, எனக்குப் பேச நல்லா இங்கிலீஷ் வரும். மொழிபெயர்ப்பாளர் கேட்டால் கேவலமாக நினைப்பார்களோ?

தம்பி, தயவுசெய்து கேளுங்கள். கடையில் பேசும் இங்கிலீஷ் வேறு, குறுக்கு விசாரணை இங்கிலீஷ் வேறு.

1976-இல் வட பிரதேச சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி ஃபார்ஸ்டர் அனுங்கா வழக்கில் பழங்குடியினரை விசாரிக்க விதிமுறைகள் வகுத்தார். கேட்பவர் விரும்பும் பதிலையே மரியாதைக்காகச் சொல்லிவிடும் பழக்கத்தை அவர் சுட்டிக்காட்டினார். நமக்கும் அது உண்டு. "ம், ஆமா, யெஸ், யெஸ்" என்பது நமக்கு 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று பொருள். வீடியோவில் அது 'ஆமாம், அடித்தேன்' ஆகிவிடும். நாம் தலையை ஆட்டுவது ஆமாவா இல்லையா என்று இங்கே யாருக்கும் தெரியாது.

மெல்பர்ன் வாசகர், தமிழ்நாடு காவல்துறையில் ஓய்வு பெற்றவர்: சட்டவிரோதமாகக் கிடைத்த ஆதாரத்தை இங்கே தூக்கி எறிகிறார்களாமே? உண்மை உண்மைதானே? 1974-இல் பூரன் மல் வழக்கில் எங்கள் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதே.

ஐயா, சரியான கேள்வி. தானாகத் தூக்கி எறிவதில்லை. பிரிவு 138 ஒரு தராசு. முறைகேடாகக் கிடைத்ததை ஏற்பதன் நன்மை, ஏற்பதன் கேட்டை விட அதிகம் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும்.

இதன் வேர் 1978-இன் பன்னிங் எதிர் கிராஸ் வழக்கு. மேற்கு ஆஸ்திரேலியாவில் போதையில் ஓட்டியவரைச் சாலையோர முன்சோதனை செய்யாமலே ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய் ஊத வைத்தார்கள். தவறு தெரியாமல் நடந்தது என்று ஹைகோர்ட் அதை ஏற்றது. 2002-இல் நியூ சவுத் வேல்ஸில் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. வெலிங்டன் ஊரில் பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைக் கெட்ட வார்த்தை பேசியதற்காகக் கைது செய்தார்கள். சம்மன் அனுப்பினால் போதும் என்ற இடத்தில் கைது முறைகேடு என்று சொல்லி, அதன்பின் அவர் எதிர்த்ததாக வந்த சாட்சியத்தையும் ஒதுக்கினார்கள்.

அதே வாசகர்: அப்படியென்றால் குற்றவாளி தப்பிக்கிறானே! பந்தய நாயைப் பழக்க முயலை இரையாக்கியவர்களின் வீடியோவைக்கூட ஒதுக்கினார்களாமே?

2020-இன் காதிர் வழக்கைச் சொல்கிறீர்கள். ரகசிய வீடியோ எடுத்தவர்கள் தெரிந்தே சட்டத்தை மீறினார்கள் என்று ஹைகோர்ட் அந்தப் பதிவுகளை ஒதுக்கியது உண்மை. ஆனால் அதை வைத்து வாரண்ட் பெற்றுத் தேடியதில் கிடைத்த ஆதாரத்தை ஏற்றது. வாரண்ட் வாங்கியவர்கள் அந்த மீறலில் பங்கெடுக்கவில்லை. மொத்தமாக எறிவதில்லை ஐயா, ஒவ்வொன்றாக எடை போடுகிறார்கள்.

கான்பெரா வாசகர்: ஐயா சொல்வதுதான் சரி. நல்ல அதிகாரி எதற்குப் பயப்பட வேண்டும்?

நல்ல அதிகாரி பயப்பட வேண்டியதில்லை, அவருடைய சாட்சியம் உள்ளே வரும். குறுக்கு வழி எடுத்தவரின் சாட்சியமும் தானாக வந்துவிட்டால் நேர்வழியில் போக யாருக்கு மனம் வரும்? இதில் நான் இறங்கிவரமாட்டேன்.

டேண்டினாங் வாசகி: அப்போ கணவர் மிரட்டுவதை நான் போனில் பதிவு செய்யலாமா?

விக்டோரியாவில் நீங்கள் பங்கெடுக்கும் பேச்சைப் பதிவு செய்யலாம். வெளியே பரப்பத்தான் கட்டுப்பாடு. நியூ சவுத் வேல்ஸில் அனுமதியின்றிப் பதிவு செய்வது குற்றம், ஆனால் சட்டப்பூர்வமான நலனைக் காக்க அவசியமென்றால் விலக்கு. 2014-இல் ஒரு மகள் தந்தையோடு பேசியதைப் பதிவு செய்ததை அப்பீல் கோர்ட் அந்த விலக்கில் சேர்த்தது. ஆபத்து என்றால் பதிவை யோசிக்காதீர்கள், அவசர எண் 000-ஐ அழையுங்கள்.

லிவர்பூல் வாசகர்: மனைவி வாபஸ் வாங்கினால்...

மேலே வென்ட்வர்த்வில் வாசகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: வாபஸ் வாங்கச் சொல்லி அவரிடமோ அவர் அம்மாவிடமோ பேசாதீர்கள். அது புதிய வழக்கு.

ஹோம்புஷ் வாசகி: ஜூரி கடமைக்கு அழைப்பு வந்திருக்கிறது. வழக்கைக் கூகுளில் பார்க்கலாமா?

கூடாது. இங்கே அது குற்றம், இரண்டு ஆண்டு சிறை வரை போகலாம். 2022 அக்டோபரில் கான்பெராவில் ஒரு ஜூரர் ஆய்வுக் கட்டுரையை ஜூரி அறைக்குக் கொண்டுவந்ததால் வழக்கு முழுவதும் கலைந்தது.

ரைட் வாசகர்: தண்டனை வந்தால் விசா போகுமா?

குடிவரவு வக்கீலிடம் கேளுங்கள். கிரிமினல் வக்கீல் முடிக்கும்வரை காத்திருக்காமல், இப்போதே.

மவுண்ட் டிரூயிட் வாசகர்: வாபஸ்...

மூன்றாவது முறை. மேலே.

குவேக்கர்ஸ் ஹில் வாசகி: என் மகனுக்கு 16 வயது. நாளை காலை 10 மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், 'சும்மா பேசத்தான்'. உண்மையைச் சொல்லி மன்னிப்பு கேட்கச் சொல்லிக் கூட்டிப்போகிறேன். விட்டுவிடுவார்கள்தானே?

அம்மா, உங்கள் மனம் புரிகிறது, ஆனால் அப்படிக் கூட்டிப்போகாதீர்கள். கைது செய்யாதவரை அவன் போகவேண்டிய கட்டாயம் இல்லை. 18 வயதுக்குட்பட்டவரின் வாக்குமூலத்துக்குப் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பது பிள்ளையைக் காக்க. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து "சொல்லுடா" என்றால் அந்தப் பாதுகாப்பே போய்விடும்.

எச்சரிக்கையோடு விடும் வழி 1997-இன் இளம் குற்றவாளிகள் சட்டத்தில் உண்டு. அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும் உண்மை. எதை, எப்போது ஒப்புக்கொள்வது என்பதை வக்கீல் சொல்லட்டும். லீகல் எய்டின் யூத் ஹாட்லைன் 1800 10 18 10, இலவசம். தமிழில் பேச வேண்டுமென்றால் முதலில் 131 450-ஐக் கூப்பிட்டு மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போனை மகன் கையில் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள், அவன் வக்கீலிடம் தனியாகப் பேசட்டும். பத்து மணிக்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.