வீடு ஏங்குமா?

கேள்வி: ‘செட்டிநாட்டின் விஸ்ட்ஃபுல் மாளிகைகள்’ என்று ஓர் ஆங்கிலச் சுற்றுலாக் கட்டுரையில் படித்தேன். விஸ்ட்ஃபுல் என்றால் என்ன? வீட்டுக்கு அது பொருந்துமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: கைவிட்டுப் போனதையோ கைக்கு எட்டாததையோ நினைத்து மெல்ல ஏங்குகிற என்று பொருள். வாய்விட்டுச் சொல்லாத ஏக்கம். அதனால்தான் பார்வை, புன்னகை, குரல் இவற்றோடு அதிகம் வரும்.

வீட்டுக்கு ஏன் அதைச் சூட்ட வேண்டும்? செட்டிநாட்டில் ஏங்கியவர்கள் மனிதர்கள். மீசை முளைக்காத வயதில் கப்பலேறி, பர்மாவின் ரங்கூனில், மொகல் தெருவிலிருந்த நகரத்தார் வட்டிக்கடையில் எடுபிடியாக, பெட்டியடிப் பையனாக உட்கார்ந்தவன் ஏங்கினான். அடுத்தாள் என்கிற உதவியாளாகி, கடையை நடத்தும் மேலாளான பிறகும் மூன்று வருஷக் கணக்கை முடித்தால்தான் ஊர். அதுவரை அவன் ஆச்சி, அதாவது மனைவி, இங்கே வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்), ‘வேறு வைத்த’, அதாவது மணமானதும் பிரித்துக் கொடுத்த, தனி அடுப்பில் சமைத்துக்கொண்டு காத்திருந்தாள். 1930களில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவர்களால் திருப்ப முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு நகரத்தார் கைக்கு வந்தது. 1942இல் ஜப்பான் படை நுழைந்ததும் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். பின்னால் பர்மிய அரசு நிலங்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. பத்திரம் மட்டும் பெட்டகத்தில் மிஞ்சிய அந்த மேலாளின் பார்வைக்கு இந்தச் சொல்லை தாராளமாகக் கொடுக்கலாம்.

வீட்டின் நிலைமை வேறு. வளவில் ஓடு உடைந்து, பர்மாத் தேக்குத் தூணின் அடி மழையில் ஊறுகிறது என்றால், பங்காளிகள் இன்னும் கூடிப் பேசவில்லை என்று அர்த்தம். ஒரு புள்ளி (மணமான தம்பதியை இங்கே அப்படித்தான் எண்ணுவார்கள்) சென்னையில், ஒரு புள்ளி கோலாலம்பூரில், இன்னொன்று அமெரிக்காவில். நாலு ஓடு மாற்றவும் அத்தனை பேர் சம்மதம் வேண்டும். அலுத்துப்போய் ஒருவர் “வித்துருவோம்” என்பார். அப்புறம் அந்தத் தூணைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய சாமான் கடைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார்கள். ஐயா கட்டியதைக் கிலோ கணக்கில் விற்கலாமா? இதை எழுதும்போதெல்லாம் ‘ஊர் மானம் போகிறது’ என்று கடிதம் வருகிறது. ஒழுகுகிற கூரையைவிடவா மானம் போகிறது?

ஒற்றுமையாகக் கூரை பார்க்கிற குடும்பங்களும் இருக்கின்றன. பொதுவில் ஒரு தொகையைப் பாங்கில் போட்டு, அந்த வட்டியில் மழைக்கு முன் ஓடு மாற்றிவிடுகிறார்கள். வட்டிக் கணக்கு நமக்கா தெரியாது! உங்கள் வீட்டிலும் ஒழுகுகிறதென்றால், முன்னோரைக் கும்பிடும் அடுத்த படைப்புக்கு எல்லோரும் கூடும்போது முதலில் ஓட்டுச் செலவைப் பேசுங்கள்.