அட்டையில் மாயன், உள்ளே யார்?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. கிரேக்கக் கடவுள்களை வைத்து எழுதிய சாகச நாவல்களை முடித்துவிட்டான். இப்போது மத்திய அமெரிக்காவின் பழங்குடிகளான மாயர்களின் புராணக் கதைதான் வேண்டுமாம். இணையத்தில் தேடினால் எல்லா அட்டையிலும் பிரமிடு, ஜாகுவார், ஒரு வட்டக் கல். எதை நம்பி வாங்குவது?
- திருச்சி வாசகி

பதில்: அந்த வட்டக் கல்லிலிருந்தே தொடங்குவோம். நடுவில் நாக்கை நீட்டிய ஒரு முகம், சுற்றிலும் வளையம் வளையமாகச் சித்திரங்கள், அதுதானே? அது மாயர்களுடையதே இல்லை. மெக்சிகோவின் இன்னொரு பழைய இனமான அஸ்டெக் மக்கள் செதுக்கிய சூரியக் கல். 1790-ல் மெக்சிகோ நகரில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது; இன்று அங்குள்ள தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'மாயன் காலண்டர்' என்று சொல்லி டி-ஷர்ட்டில்கூட இதை அச்சடித்து விற்கிறார்கள். அட்டை வரைபவர் வேறு, கதை எழுதுபவர் வேறு என்பதால் இதற்காகவே புத்தகத்தை ஒதுக்கிவிட வேண்டாம். ஆனால் மாதிரிப் பக்கங்களைத் திறந்து பார்த்துவிடுங்கள். ஹுனாபூ, ஷ்பலான்கே, குக்குல்கான் என்ற பெயர்கள் வந்தால் மாயன் பக்கம். கெட்சால்கோட்டில், ஹுயிட்சிலோபோச்ட்லி என்று வந்தால் அஸ்டெக். இரண்டையும் காரணமில்லாமல் கலந்து கொடுத்திருந்தால், எழுதியவர் அதிகம் படிக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்து கதை. மாயன் சாகச நாவல்களில் பெரும்பாலானவை குவாத்தமாலாவின் கிச்சே மாயர்கள் எழுதிவைத்த 'போபோல் வூ' என்ற நூலிலிருந்துதான் கிளம்புகின்றன. அதில் ஹுனாபூவும் ஷ்பலான்கேயும் இரட்டையர்கள். பாதாள உலகமான ஷிபல்பாவின் தலைவர்கள் அவர்களைப் பந்தாட அழைத்து, இரவுக்கு ஒரு வீட்டில் அடைக்கிறார்கள். இருட்டு வீட்டில் கையில் ஒரு தீப்பந்தமும் சுருட்டுகளும் கொடுத்து, விடியும்வரை எரியவேண்டும், ஆனால் கரையக்கூடாது என்கிறார்கள். பையன்கள் பந்தத்தில் கிளி இனப் பறவையான மக்காவின் சிவப்பு இறகையும், சுருட்டு நுனியில் மின்மினியையும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்! வவ்வால் வீட்டில் ஹுனாபூவின் தலையே போய்விடுகிறது. தம்பி பூசணிக்காயில் தலை செய்து பொருத்தி ஆட்டத்தைத் தொடர்கிறான். கடைசிவரை அவர்கள் ஜெயிப்பது தந்திரத்தால்தான், பலத்தால் அல்ல.

நான் ஒரு புத்தகத்தை எடைபோடுவது இதை வைத்துத்தான். நாயகனுக்குத் திடீரென்று தெய்வ சக்தி வந்து, கையில் மின்னல் பிடித்து எல்லோரையும் வீழ்த்துகிறான் என்றால், அது கிரேக்கக் கதைக்கு மாயன் சாயம் பூசியது. உங்கள் மகன் அதை ஏற்கெனவே படித்தாயிற்று. இன்னொன்றும் பாருங்கள்: பின்னட்டையில் 'மர்மமாக மறைந்துபோன இனம்' என்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஒன்பதாம் நூற்றாண்டுவாக்கில் மாயர் நிலப்பகுதியின் தெற்கே பல பெருநகரங்கள் கைவிடப்பட்டது உண்மை. மக்கள் எங்கும் போய்விடவில்லை. குவாத்தமாலா, மெக்சிகோ, பெலீஸ் நாடுகளில் மாயர்கள் இன்றும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள், சுமார் 30 மாயன் மொழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. வேற்றுக்கிரகவாசி வந்து பிரமிடு கட்டினான் என்றால், கீழே வைத்துவிடுங்கள்.

வயது விஷயம் எளிது. ஆங்கிலப் பதிப்பகங்கள் 8-12 வயதுக்கு ஒன்று, 12-க்கு மேல் ஒன்று என்று பிரிக்கின்றன. தேடலில் இரண்டும் கலந்தே வரும். நிறையப் படிக்கும் பையன் என்றால் முதல் வகை அவனுக்குச் சீக்கிரம் சலிக்கலாம்.

கேள்வி: மகளுக்கு இணையத்தில் ஒரு மாயன் சாகச நாவல் வாங்கினேன். வந்தபிறகுதான் அது தொடரின் இரண்டாம் பாகம் என்று தெரிந்தது. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.
- மதுரை வாசகர்

பதில்: இந்தத் தொடர்களில் தலைப்பை வைத்து வரிசை கண்டுபிடிக்க முடியாது. ஜே.சி. செர்வாண்டெஸின் மூன்று நாவல்களையே பாருங்கள்: 'தி ஸ்டார்ம் ரன்னர்' 2018, 'தி ஃபயர் கீப்பர்' 2019, 'தி ஷேடோ கிராஸர்' 2020. ஆண்டைப் பார்த்தால்தான் எது முதல் என்று புரியும்.

விற்பனைப் பக்கத்தில் 'முதல் பாகம்' என்றோ 'முழுத் தொகுப்பு' என்றோ போட்டிருந்ததா? அப்படியானால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். பக்கத்தில் பாகம் பற்றி ஒன்றுமே இல்லையென்றால் உங்கள் வாதம் கொஞ்சம் பலவீனம்தான். தளத்தின் சொந்தத் திருப்பியனுப்பும் கெடு முடிவதற்குள் மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: போபோல் வூவையே வாங்கிக் கொடுத்தால் என்ன?
- கோவை வாசகி

பதில்: தாராளமாக, ஆனால் முதலில் காசு கொடுக்காதீர்கள். ஆலன் கிறிஸ்டென்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பு மீசோவெப் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, விரிவான அடிக்குறிப்புகளோடு. அச்சில்தான் வேண்டும் என்றால் 1985-ல் வந்த டென்னிஸ் டெட்லாக்கின் பதிப்பு நல்லது. பழைய மொழிபெயர்ப்புகளை அப்படியே ஸ்கேன் செய்து, மொழிபெயர்ப்பாளர் பெயர்கூடப் போடாமல் விற்கும் பிரதிகள் உண்டு, அவற்றைத் தவிருங்கள். தொடக்கத்தில் உலகப் படைப்புப் பகுதி கொஞ்சம் மெதுவாகப் போகும். பிள்ளைகள் அங்கேயே மூடிவைத்துவிட்டால், இரட்டையர்கள் ஷிபல்பாவுக்குக் கிளம்பும் இடத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள்.