விழித்திரைக்கு அடியில் ரத்த ஓட்டம் குறைந்தால்

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. கோத்தகிரி அருகே பல ஆண்டுகள் தேயிலைக் கொழுந்து பறித்தவர். ரத்தக் கொதிப்பு உண்டு. விழித்திரைக்கு அடியில் ரத்த ஓட்டம் குறைந்திருப்பதாகக் கண் பரிசோதனையில் சொன்னார்கள். இரண்டு வாரங்களாக வலது கண்ணுக்கு வாசற்கால் வளைந்து தெரிகிறது என்கிறார். மலைக் குளிரும் உயரமும்தான் காரணமா? ரத்த ஓட்டத்தைக் கூட்ட மாத்திரை உண்டா? பனிக்காலம் முடிந்ததும் கோயம்புத்தூருக்கு அழைத்துச் செல்ல இருக்கிறோம்.

பதில்: பனிக்காலம் முடியும்வரை தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். ரத்த ஓட்டம் குறைவது பல ஆண்டுகளாக மெல்ல நடப்பது. நேர்க்கோடு புதிதாக வளைந்து தெரிவதோ, ஓரிரு நாள்களுக்குள் விழித்திரை மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறி.

விழித்திரைக்குப் பின்புறம் கோராய்டு என்னும் ரத்தக் குழாய்ப் படலம் இருக்கிறது. கண்ணுக்கு வரும் ரத்தத்தின் பெரும்பகுதி இதன் வழியாகவே பாய்கிறது. எழுத்தையும் முகத்தையும் கூர்ந்து காண உதவும் விழித்திரையின் மையப் பகுதியான மாகுலாவின் நடுக்குழியில் விழித்திரைக்கென்று தனி ரத்தக் குழாய்கள் இல்லாததால், அங்குள்ள ஒளியுணர் செல்கள் ஆக்சிஜனுக்கும் ஊட்டத்துக்கும் கோராய்டையே நம்பியிருக்கின்றன. இளமையில் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள இப்படலம் வயது ஏற ஏற மெலிகிறது. அதன் நுண்குழாய்கள் அருகிப்போக, அவற்றுக்கும் விழித்திரைக்கும் இடையிலுள்ள புருக் சவ்வில் கொழுப்புப் படிந்து, உணவு உள்ளே வருவதும் கழிவு வெளியேறுவதும் தடைபடுகின்றன. தேங்கிய கழிவே ட்ரூசன் எனப்படும் மஞ்சள் புள்ளிகளாகத் தெரிகிறது. சர்க்கரை நோய் இந்த நுண்குழாய்களை மேலும் சிதைக்கும். கடுமையான கிட்டப்பார்வையிலும் கோராய்டு மிகவும் மெலியும். இப்படி மாகுலா பழுதாவதே மாகுலாச் சிதைவு என்னும் நோய்; அதற்கு வழிவகுப்பவற்றுள் புகைப்பழக்கம் முக்கியமானது.

சிலருக்கு இத்துடன் நிற்பதில்லை. ஊட்டம் குறைந்த திசு, புதிய குழாய்களை வளரத் தூண்டும் ஒரு புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. அப்படி வளரும் குழாய்கள் உறுதியற்றவையாதலால் நீரும் ரத்தமும் கசிந்து, அடியில் ஈரம் புகுந்த பாய் போல விழித்திரை மேடாகிறது. வாசற்கால் வளைந்து தெரிவது பெரும்பாலும் இந்த மேட்டினால்தான். கசிவு தழும்பாகிவிட்டால் இழந்த பார்வை திரும்புவது அரிது. அப்புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2004 முதல் பயன்பாட்டில் உள்ளன. கண்ணை மரக்கச் செய்து போடுகிறார்கள், தொடக்கத்தில் மாதம் ஒன்று என்பதே வழக்கம். கசிவு உண்டா என்பதை, விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் காட்டும். கோராய்டின் குழாய்களைத் தெளிவாகக் காண வேண்டுமானால் இண்டோசயனின் கிரீன் என்னும் சாயத்தைக் கையிலுள்ள ரத்தக் குழாயில் செலுத்திப் படமெடுப்பார்கள்.

கோராய்டின் ரத்த ஓட்டத்தைக் கூட்டி இந்நோயைத் தீர்க்கும் மாத்திரை இல்லை. அப்படிச் சொல்லி விற்பதை வாங்காதீர்கள். லூட்டின், துத்தநாகம் அடங்கிய வைட்டமின் மாத்திரைகள், நோய் நடுநிலையை எட்டியவர்களுக்கு அது முற்றுவதைத் தாமதப்படுத்தலாம். அதையும் மருத்துவரே முடிவு செய்யட்டும். ரத்தக் கொதிப்பு மாத்திரையை மட்டும் எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது.

உயரத்தைக் குறித்தும் கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரியில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியில் கிடைப்பதில் ஏறத்தாழ 80 விழுக்காடு. ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்பவரின் உடல் அதற்குப் பழகியிருக்கும். அம்மாவின் கண் நோய்க்கு மலையையோ குளிரையோ காரணமாக்க வேண்டியதில்லை. வயதே முதன்மையான காரணம்.

மருத்துவரைக் காணும்வரை, நாள்தோறும் ஒரு கண்ணை மூடி, மற்றொரு கண்ணால் கட்டம் போட்ட நோட்டுத் தாளை 30 சென்டிமீட்டர் தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். படிக்கும் கண்ணாடி இருந்தால் அதை அணிந்தே பார்க்க வேண்டும். வளைவு கூடினாலோ நடுவில் கறுப்புத் தென்பட்டாலோ அன்றே புறப்பட்டுவிடுங்கள். பரிசோதனைக்காகக் கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், பார்வை மங்கும். திரும்பும் வழியில் வளைவுகள் மிகுந்த மலைச்சாலையில் இருசக்கர வாகனத்தில் அவரை ஏற்றி வராமல், பேருந்திலோ காரிலோ அழைத்து வாருங்கள்.