உச்சியில் மட்டும் பூக்கும் கொடி ரோஜா: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முன்வாசல் தூணை ஒட்டி நான்கு ஆண்டுகளுக்கு முன் நட்ட சிவப்புக் கொடி ரோஜா, இப்போது மாடிக் கைப்பிடிச் சுவரை எட்டிவிட்டது. பூவெல்லாம் உச்சியில்தான் பூக்கிறது. வாசலில் நிற்கும் எங்களுக்கு முள்ளும் மொட்டைத் தண்டும்தான் தெரிகின்றன. உரம் போதவில்லையா?
– வாசகி, திருச்சி

பதில்: உரத்தில் குறை இல்லை, இப்போது மேலும் உரமிட்டால் செடி இன்னும் ஓர் அடி உயர்ந்து, பூவை மாடி வீட்டாருக்கே கொடுக்கும். தண்டின் நுனியில் சுரக்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி கீழ்நோக்கி இறங்கி, வழியிலுள்ள கணுக்களின் கண்களை விழிக்கவிடாமல் அடக்கி வைக்கிறது. தண்டு செங்குத்தாக நிற்கும்வரை நுனிக்கு இந்த அதிகாரம் உண்டு. அதே தண்டைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டினால் அதிகாரம் தளர்ந்து, கணுவுக்குக் கணு பக்கக் கிளை வெடிக்கும்; பூ வருவது அந்தப் பக்கக் கிளைகளில்தான்.

கொடி என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர, ரோஜா மல்லிகையைப் போலச் சுற்றி ஏறுவதும் இல்லை, பாகலைப் போலப் பற்றுச்சுருள் விடுவதும் இல்லை. காட்டில் அது பக்கத்து மரத்தின் மீது சாய்ந்து, வளைந்த முட்களால் கொக்கி போட்டுக்கொண்டு மேலேறுகிறது. வீட்டில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். தூணில் ஏற்றும்போது தண்டை நேராக நிறுத்திக் கட்டாமல், தூணைச் சுற்றிப் பாம்பு சுற்றுவதைப் போல, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஓர் அடி மட்டும் உயரும்படி படியவிடுங்கள். கட்டுவதற்குச் சணல் அல்லது வாழைநார் போதும். தண்டுக்கும் தூணுக்கும் இடையில் ஒரு முறுக்கு கொடுத்து, தண்டு பருக்க இடம்விட்டுக் கட்டுங்கள். வெறும் கம்பியால் இறுக்கினால் ஓராண்டில் அது பட்டைக்குள் புதைந்துவிடும்.

நான்கு வயதுத் தண்டுகளை வளைக்க முயலாதீர்கள். என் வீட்டில் விரல் பருமனைத் தாண்டிய தண்டு ஒன்றை அவசரப்பட்டு வளைத்து, 'சடக்' என்ற ஒலியோடு அந்தப் பருவத்துப் பூக்கள் அத்தனையையும் இழந்திருக்கிறேன். முதிர்ந்த தண்டுகளில் மிகப் பழைய ஒன்றை மட்டும் இந்த ஆண்டு அடியோடு அறுத்தெடுங்கள். அடியிலிருந்து புதுத் தண்டு கிளம்பி, பென்சில் பருமனில் பச்சையாக இருக்கும்போதே சுற்றத் தொடங்குங்கள். ஆண்டுக்கொன்றாக மாற்றினால், மூன்று நான்கு ஆண்டுகளில் தூண் முழுவதும் அடியிலிருந்தே பூக்கும்.

கவாத்து விஷயத்திலும் புதர் ரோஜாவுக்கும் கொடி ரோஜாவுக்கும் வேறுபாடு உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கவாத்துப் பருவத்தில் புதர்ச் செடியின் வலுவான கிளைகளைப் பாதி நீளத்துக்கு வெட்டுவது வழக்கம். கொடி ரோஜாவிலோ நீண்ட முதன்மைத் தண்டுகளைத் தொடாமல், பூத்து முடிந்த பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கண்கள் விட்டு வெட்ட வேண்டும். நட்ட முதல் இரண்டு ஆண்டுகளில், காய்ந்ததை நீக்குவதைத் தவிர, கத்தரியே தேவையில்லை. புதர் ரகம் ஒன்றிலிருந்து தற்செயலாகத் தோன்றிய கொடி வடிவங்களை இளம் வயதில் குட்டையாக வெட்டினால், அவை மீண்டும் புதராகவே திரும்பிவிடுவதும் உண்டு.

கேள்வி: பந்தலோ கம்பியோ இல்லாமல், வேலியோரம் ஆளுயரத்துக்கு நிற்கும் ரோஜா வேண்டும். படத்தைக் காட்டி விற்கும் வெளிநாட்டு ரகங்களை வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் ஐரோப்பியக் கொடி ரகங்கள் பல, குளிர்கால உறக்கம் முடிந்து எழுந்தபின் பூப்பவை, நம் சமவெளி வெயிலில் அவை இலையாகவே தழைத்து நிற்கும். உதகையில், 1995-ஆம் ஆண்டின் நூறாவது மலர்க் கண்காட்சியின் நினைவாக அமைந்த ரோஜாப் பூங்காவில் ஒரு ரகம் செழித்திருப்பதைப் பார்த்து, அதையே கோவையில் நட எண்ணுபவர்கள், இரண்டுக்கும் இடையே உள்ள மலையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது எட்வர்டு ரோஜாவை. பூக்கடையில் அன்றாடம் பார்ப்பதாலேயே நாம் மதிக்காத செடி அது. இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவு புர்போன் என்று அழைக்கப்பட்ட காலத்தில் அங்கிருந்து பரவிய ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெயிலைத் தாங்கும், மணம் உண்டு, துணையின்றி ஆளுயரம் நிற்கும். ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழியெடுத்து, நன்கு மக்கிய தொழுவுரம் 10 கிலோவை மேல்மண்ணோடு கலந்து நிரப்பி நடுங்கள். வேலிக்காக நடுவதால் செடிக்குச் செடி ஒரு மீட்டர் போதும்.

கொடி ரகம்தான் வேண்டுமென்றால், கொடைக்கானலில் வாழ்ந்து ரோஜாக்களைக் கலப்பினம் செய்த வீரராகவன் – கிரிஜா இணையரின் பணியை அறிந்துகொள்வது நல்லது. வெப்ப நாட்டு ரோஜாவுக்குப் பெற்றோரும் வெப்ப நாட்டிலிருந்தே வர வேண்டும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வழி. மணிப்பூர் மலைகளில் மரங்களின் மேல் 40 அடிக்கும் மேலாக ஏறும் ரோசா ஜைஜான்டியா, வெள்ளம் தேங்கும் ஆற்றங்கரைகளிலும் வாழும் ரோசா கிளினோஃபில்லா என்ற இரு காட்டினங்களைப் பயன்படுத்திப் புது ரகங்களை உருவாக்கியிருக்கிறார்கள். தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளின் பெயர் தாங்கிய மஞ்சள் ரோஜாவும் அவர்கள் உருவாக்கியதே.

கேள்வி: ஒட்டுச் செடியின் அடியிலிருந்து ஒரு தண்டு மட்டும் மிக வேகமாக வளர்கிறது. ஏழு இலை இருந்தால் அது காட்டுச் செடி, வெட்டிவிடு என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், ஓசூர்

பதில்: ஏழு இலைக் கணக்கை நம்பி நல்ல தண்டை வெட்டியவர்கள் பலர். கொடி ரோஜாக்களில் ஒரே காம்பில் ஏழு சிற்றிலைகள் இயல்பாகவே வரும். அடிமண்ணை விரலால் விலக்கி, தண்டு எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுக்கட்டிய முடிச்சுக்கு மேலிருந்து வந்தால் அதுதான் உங்கள் அடுத்த ஆண்டுப் பூ. முடிச்சுக்குக் கீழே வேரிலிருந்து வந்தால் அது, ஒட்டுக்கு வேராக அமைந்த வேர்ச்செடியின் கிளை. மண் மட்டத்தில் வெட்டினால் இரண்டாகக் கிளைக்கும் என்பதால், பிறக்கும் இடத்திலேயே பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். தடித்த கையுறை அவசியம்.

கேள்வி: மொட்டை மாடியில் தொட்டியில் கொடி ரோஜா வளருமா?
– வாசகி, மதுரை

பதில்: வளரும், ஆனால் 15 அடி உயரத்தை எதிர்பார்க்க வேண்டாம், ஆறேழு அடியோடு நிறைவடையுங்கள். தொட்டி ஒன்றரை அடி அகலமும் ஆழமும் கொண்டதாக இருக்கட்டும். மேற்குச் சுவர் மாலை வரை வாங்கிய சூட்டை இரவெல்லாம் கக்குவதால், செடியை அதில் சாய்க்காமல், சுவரிலிருந்து அரை அடி தள்ளிக் கட்டிய கம்பிகளில் படரவிடுங்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில்தான் செம்பேனும் சாம்பல் நோயும் முதலில் வரும். தண்ணீரைக் காலையில், இலை நனையாமல் வேருக்கு மட்டும் ஊற்றுங்கள். மாலையில் தெளிக்கும் நீர் இலையில் இரவு முழுக்கத் தங்கினால், இரண்டே வாரத்தில் கரும்புள்ளி தெரியத் தொடங்கிவிடும்.